வாசகர் கேள்வி – பதில்: டெர்ரி நேஷன் எழுதியதும், மற்றவர்கள் முடித்ததும்

பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு அறிவியல் புனைகதை எழுதிய டெர்ரி நேஷன் (1930–1997) பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரின் கதையான 'டாக்டர் ஹூ' தொடரில் எதிரிகளாக வரும் டாலெக்குகள், கொள்ளைநோய்க்குப் பிந்தைய உலகைக் காட்டிய 'சர்வைவர்ஸ்', விண்வெளிக் கலகக்காரர்களின் கதையான 'பிளேக்ஸ் செவன்' ஆகிய மூன்றும் அவரிடமிருந்து வந்தவை.

கேள்வி: டாலெக்கை உருவாக்கியவர் டெர்ரி நேஷன் என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அந்த உருவத்தை வடிவமைத்தவர் ரே கியூசிக் என்கிறார் என் நண்பர். எது சரி?

இரண்டுமே சரிதான். யார் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

நேஷனின் ஸ்கிரிப்டில் இருந்தது சில வரிகள்தான். பார்க்கவே அருவருப்பான, இயந்திரம் போன்ற பிறவிகள். காலில்லை. வட்டமான அடிப்பாகத்தின் மேல் நகரும். மனித முகச்சாயல் எதுவும் கிடையாது. வளையும் தண்டின் முனையில் ஒரு லென்ஸ், அதுதான் கண். கை இருக்கும் இடத்தில் இயந்திரப் பிடி. இதில் உயிரானது 'காலில்லை' என்ற நிபந்தனை. அந்நாளைய தொலைக்காட்சி அரக்கர்கள் எல்லாரும் ரப்பர் உடை மாட்டிய ஆட்கள். நடையைப் பார்த்ததுமே உள்ளே மனிதன் இருப்பது தெரிந்துவிடும். ஜார்ஜிய நடனக் குழுவின் பெண்கள் தரையைத் தொடும் பாவாடையில் கால் தெரியாமல் வழுக்கிச் செல்வதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாக நேஷன் சொல்லியிருக்கிறார்.

கியூசிக் பிபிசியின் மாதச் சம்பள வடிவமைப்பாளர். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்தபடி காலால் தள்ளி நகர்த்த வேண்டும் என்று முடிவு செய்து, நாற்காலியில் உட்கார்ந்த மனிதனைச் சுற்றிக் கோடு போட்டார். அடிப்பாகம் அகன்று மேலே குறுகும் வடிவம் அப்படி வந்ததுதான். மிளகுத்தூள் டப்பாவைப் பார்த்து வரைந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. டாலெக்கைச் செய்து தருபவருக்கு அது எப்படி நகரும் என்று காட்ட, மேசையில் இருந்த டப்பாவை அவர் நகர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். இயந்திரக் கை செய்யப் பணம் போதாததால் அந்த இடத்தில் கழுவுதொட்டி அடைப்பை நீக்கும் ரப்பர் உறிஞ்சியை மாட்டினார்கள். அக்ஸ்பிரிட்ஜில் இருந்த ஷாக்ராஃப்ட் நிறுவனம் முதலில் நான்கு டாலெக்குகளைச் செய்து கொடுத்தது.

மூன்றாவது பங்கு குரல். பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரஹாமும் பேசியதை, பிபிசி ரேடியோஃபோனிக் பட்டறையின் பிரையன் ஹாட்ஜ்சன் ரிங் மாடுலேட்டர் என்ற கருவி வழியே செலுத்தி அந்த நடுங்கும் உலோகக் குரலை உண்டாக்கினார். குரல் கொடுப்பவர் ஸ்டுடியோவின் ஓரத்தில் மைக் முன்னால் நிற்பார். உள்ளே இருப்பவர் வசனத்துக்கேற்ப தலை விளக்கைச் சிமிட்ட வேண்டும். இந்த ஒத்திசைவு பிசகினால் எந்த டாலெக் பேசுகிறது என்றே தெரியாது.

எங்கள் கருத்து: நேஷனின் நிபந்தனை இல்லாவிட்டால் கியூசிக் வேறொன்றை வரைந்திருப்பார். கியூசிக் இல்லாவிட்டால் நேஷனின் அந்த வரிகளை இன்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் நேஷன் கென்ட் மாவட்டத்தில் மாளிகை வாங்கியதும், கியூசிக்குக் கிடைத்தது வெறும் 100 பவுண்டு என்பதும் எப்படி? ஏமாற்று வேலை நடந்ததா?

ஏமாற்று எதுவும் இல்லை, சட்டம் அப்படி இருந்தது. இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். பிரிட்டனில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். கியூசிக் வரைந்தது பிபிசிக்குச் சொந்தம். பின்னாளில் பிபிசி கொடுத்த 100 பவுண்டு, உரிமைத் தொகை அல்ல, கருணைத் தொகை.

நேஷன் வெளியிலிருந்து எழுதியவர். ஸ்கிரிப்டை ஒளிபரப்ப பிபிசிக்கு அனுமதி தந்தார், அதில் வரும் பாத்திரங்களை விற்கவில்லை. அவருடைய ஏஜென்ட் பெரில் வெர்ட்யூ பொருள் விற்பனை வருமானத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். 1963இல் ஒரு சிறுவர் தொடரை வைத்துப் பொம்மை விற்கும் என்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. அதனால் அந்த வரி எதிர்ப்பில்லாமல் உள்ளே போயிற்று. 1964, 1965 கிறிஸ்துமஸ்களில் கடைகள் முழுக்க டாலெக் பொம்மைகள். 1965இலும் 1966இலும் பீட்டர் குஷிங் நடித்த இரண்டு திரைப்படங்கள். லின்ஸ்டெட் பார்க் மாளிகை இந்த வருமானத்தில் வந்தது.

இப்படிப் பிரிந்த உரிமைக்கு ஒரு விளைவு உண்டு. பாத்திரமும் பெயரும் ஒரு பக்கம், உருவம் மறு பக்கம். ஒருவர் இல்லாமல் மற்றவர் டாலெக்கைத் திரைக்குக் கொண்டுவர முடியாது. டாலெக்குகளை வைத்து அமெரிக்கத் தொடர் எடுக்க நேஷன் முயன்று, முன்னோட்ட ஸ்கிரிப்ட்வரை போனார். பிபிசி சேரவில்லை, அதோடு நின்றது. எதிர்ப்பக்கத்தில், 1967 ஜூலைக்குப் பிறகு 1972 ஜனவரிவரை 'டாக்டர் ஹூ'வில் புதிய டாலெக் கதையே கிடையாது. தொடர் 2005இல் மீண்டும் தொடங்கியபோதும் இதே முடிச்சுதான். 2004 ஜூலையில் நேஷனின் வாரிசுரிமைத் தரப்புடன் பேச்சு முறிந்தது, ஆகஸ்டில் சமரசமானது. இடைப்பட்ட காலத்தில், புதிய தொடரின் டாலெக் கதையை எழுதிய ராபர்ட் ஷியர்மன் டாலெக் இல்லாத மாற்று வடிவம் ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: நான் ஒரு நாவல் எழுதுகிறேன். அதில் டாலெக்கை ஒரு பாத்திரமாக வைக்கலாமா?

அனுமதியின்றி வெளியிட முடியாது. பிரிட்டனில் எழுத்தாளர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை ஓடும். நேஷன் 1997 மார்ச் 9 அன்று இறந்தார். ஆகவே அவருடைய ஸ்கிரிப்டுகள் 2067 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். படம் போடுவதானால் உருவ உரிமைக்குத் தனியாக பிபிசியிடம் போக வேண்டும்.

கேள்வி: நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர் அறிவியல் புனைகதைக்கு எப்படி வந்தார்?

வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் பிறந்தவர். 1955இல் லண்டனுக்கு வந்தது மேடையில் தனியாக நின்று சிரிக்கவைக்கும் ஆசையில். அது எடுபடவில்லை. நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன் கைதூக்கிவிட, அவரும் எரிக் சைக்ஸும் கால்டன்–சிம்ப்சன் என்ற நகைச்சுவை எழுத்தாளர் இரட்டையரும் சேர்ந்து நடத்திய 'அசோசியேட்டட் லண்டன் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற எழுத்தாளர் அமைப்பில் இடம் கிடைத்தது. பெரில் வெர்ட்யூ அங்கேதான் ஏஜென்ட். வானொலி நகைச்சுவை எழுதிக் கை பழகியது அந்த ஆண்டுகளில்தான்.

1962இல் பிரிட்டனின் ஏபிசி தொலைக்காட்சியின் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' என்ற தொகுப்புத் தொடருக்கு ஃபிலிப் கே. டிக், கிளிஃபோர்ட் சிமாக் கதைகளைத் தழுவி எழுதினார். அதைப் பார்த்துத்தான் 'டாக்டர் ஹூ'வின் ஸ்கிரிப்ட் எடிட்டர் டேவிட் விட்டேக்கர் 1963இல் கூப்பிட்டு அனுப்பினார். அப்போது நேஷன் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்குடன் இருந்தார், அவருக்காக எழுதினார். சிறுவர் தொடர் நமக்கெதற்கு என்று ஒதுக்கிய வாய்ப்பு அது. நாட்டிங்ஹாமில் இருவருக்கும் சண்டை வந்து வேலை போனதும் அதே வாய்ப்பை ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: முதல் டாலெக் கதையின் ஏழு எபிசோடுகளையும் ஏழெட்டு நாளில் எழுதினாராமே! அந்த அவசரம் திரையில் தெரிகிறதா?

நாளுக்கு ஓர் எபிசோடு என்ற கணக்கில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். எரிக் சைக்ஸுடன் வேறொரு வேலை காத்திருந்தது. அவசரம் தெரியத்தான் செய்கிறது, ஆனால் முதல் பாதியில் அல்ல.

முதல் எபிசோடைக் கவனியுங்கள். செத்துக் கல்லான காடு. தூரத்தில் ஒரு நகரம். மற்றவர்கள் கிளம்பிவிடலாம் என்கிறார்கள். டாக்டருக்கோ நகரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கப்பலின் திரவ இணைப்பு என்ற உறுப்பில் பாதரசம் தீர்ந்துவிட்டது, நகரத்தில் தேடலாம் என்று பொய் சொல்கிறார். இந்த ஒரே பொய் மூன்று வேலை செய்கிறது. எல்லாரையும் நகரத்துக்குள் இழுக்கிறது, டாக்டரின் குணத்தைக் காட்டுகிறது, பிறகு அந்த உறுப்பு டாலெக்குகள் கையில் சிக்குவதால் தப்பியவர்கள் நான்காம் எபிசோடு முடிவில் திரும்பிப் போயே ஆக வேண்டியதாகிறது. அவசரத்தில் எழுதியவரிடம் இவ்வளவு கச்சிதம் இருப்பது பெரிய விஷயம்.

'தொடரும்' போடும் இடமும் அப்படியே. 1963 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பான அந்த எபிசோடின் கடைசியில், டாக்டருடன் பயணிக்கும் பார்பரா சுவரோடு ஒண்டி அலறுகிறார். நாம் காண்பது அவரை நோக்கி நீளும் அந்த உறிஞ்சியின் முனையை மட்டும். முழு டாலெக் திரைக்கு வந்தது டிசம்பர் 28 அன்று. படப்பிடிப்பில் அந்த உறிஞ்சியைக் கையில் பிடித்து ஆட்டியவர் துணை அரங்க மேலாளர் மைக்கேல் ஃபெர்குசன்.

சறுக்கல் ஐந்து, ஆறாம் எபிசோடுகளில். சதுப்பு நிலம், குகை, பள்ளத்தைத் தாண்டுதல் என்று கதை நடந்துகொண்டே இருக்கிறது, நகரவில்லை. ஏழு வாரம் நிரப்ப வேண்டும், கையில் இருந்ததோ ஐந்து வாரச் சரக்கு. ஆனாலும் பார்வையாளர்கள் விடவில்லை. முதல் எபிசோடை 69 லட்சம் பேர் பார்த்தார்கள், கடைசி எபிசோடை 1 கோடியே 4 லட்சம் பேர்.

எழுத்தாளருக்குச் சம்பந்தமில்லாத ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். நவம்பர் 15 அன்று பதிவு செய்த முதல் எபிசோடில், தயாரிப்புக் குழுவின் ஹெட்ஃபோனில் வந்த உத்தரவுகள் ஒலிநாடாவிலும் கசிந்துவிட்டன. அந்த ஒலியைப் பிரித்தெடுக்க வழியில்லை. டிசம்பர் 6 அன்று முழு எபிசோடையும் திரும்ப நடித்துப் பதிவு செய்தார்கள்.

கேள்வி: அந்தக் கதையின் முடிவில் டாலெக்குகள் எல்லாம் செத்துவிடுகின்றன. பிறகு எப்படித் திரும்ப வந்தன?

திரும்பி வரும் என்று எழுதும்போது யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் உலோகத் தரையிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுபவை, நகரத்தை விட்டு வெளியே வர முடியாதவை என்று நேஷன் எழுதியிருந்தார். 1964இல் அவை பூமியைப் பிடிக்கும் கதை வந்தபோது இதுவே தடையாயிற்று. முதுகில் ஒரு வட்டத் தட்டைப் பொருத்தி, மின்சாரம் அதன் வழியாக வருகிறது என்றார்கள். லண்டன் தெருவில் ஓட அடியில் காற்றடைத்த பெரிய சக்கரங்களும் வேண்டியிருந்தன. அந்தக் கதையில் டாலெக்கின் கீழ்ப்பகுதி தடித்துத் தெரிவது அதனால்தான். செத்தவை எப்படி வந்தன என்பதற்கு, நாம் முன்பு பார்த்தது வெகு பிற்காலத்தில் நடந்தது என்று டாக்டர் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்.

கேள்வி: நேஷன் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதினார் என்ற குற்றச்சாட்டு நியாயமா?

பெரும்பாலும் நியாயம். கொள்ளைநோய், வெடிக்கக் காத்திருக்கும் குண்டு, விஷச் செடிகள் நிறைந்த காடு, உள்ளூர்ப் போராளிக் கும்பல் என்று ஒரு கைச்சரக்கு அவரிடம் இருந்தது. பெயர்கள்கூடத் திரும்ப வரும். 1974 டாலெக் கதையில் ஜில் டாரன்ட், 'பிளேக்ஸ் செவன்' முதல் எபிசோடில் டெவ் டாரன்ட், அதே தொடரின் மூன்றாம் பருவத்தில் டெல் டாரன்ட். அறுபதுகளில் 'தி செயின்ட்', 'தி பேரன்', 'தி அவெஞ்சர்ஸ்' என்று சாகசத் தொடர்களுக்கு வேகவேகமாக எழுதிக் கொடுத்த பழக்கம் இது. குறித்த நாளில் ஸ்கிரிப்ட் வந்தாக வேண்டிய தொழிலில் கைச்சரக்கு இல்லாதவர் நிலைக்க முடியாது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவர் மிக நன்றாக எழுதியது, யாராவது தடுத்தபோதுதான். எழுபதுகளின் நடுவில் இன்னொரு டாலெக் கதையோடு வந்தார். தயாரிப்பாளர் பாரி லெட்ஸும் ஸ்கிரிப்ட் எடிட்டர் டெரன்ஸ் டிக்ஸும், இதை முன்பே எங்களுக்கு விற்றிருக்கிறீர்கள், டாலெக்குகள் எப்படித் தோன்றின என்று எழுதுங்களேன் என்றார்கள். அப்படி வந்ததுதான் 1975இன் 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்', ஆறு எபிசோடு. அவர்கள் இருவரும் விலகியபின் ஃபிலிப் ஹின்ச்கிளிஃபும் ராபர்ட் ஹோம்ஸும் அதைத் தயாரித்து முடித்தார்கள். இயக்கம் டேவிட் மலோனி.

அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலை நேஷன் அழகாகத் தீர்த்திருக்கிறார். டாலெக்கின் குரலில் நான்கு சொல்லுக்கு மேல் போனால் காது சலித்துவிடும். விவாதம், தந்திரம், ஆசைகாட்டல் எதையும் அந்தக் குரல் தாங்காது. அதனால் டாலெக்கின் பக்கத்துக்கு மனிதக் குரலில் பேச ஒருவர் தேவை. அவர்தான் டாவ்ரோஸ். இடுப்புக்குக் கீழே டாலெக்கின் அடிப்பாகம், மேலே சிதைந்த மனிதன். நடித்த மைக்கேல் விஷருக்கு முகமூடிக்குப் பின்னால் முகபாவம் எதுவும் உதவாது. அதனால் ஒத்திகையிலேயே தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு, குரலை மட்டும் வைத்து நடித்துப் பழகினார். கண் இமைக்காத அந்தக் கிழவரின் குரல் ஏறி இறங்குவதைக் கேளுங்கள், அந்தப் பயிற்சியின் பலன் தெரியும்.

கேள்வி: 'சர்வைவர்ஸ்' அவருடைய தொடர்தானே? முதல் பருவத்தோடு ஏன் விலகினார்?

1975 ஏப்ரல் 12 அன்று 'ஜெனிசிஸ்' முடிந்தது, ஏப்ரல் 16 அன்று 'சர்வைவர்ஸ்' தொடங்கியது. அவருடைய எழுத்து வாழ்வின் உச்ச வாரம் அது என்றே சொல்வோம். ஆய்வகத்தில் கைதவறி விழுந்து உடையும் குடுவையிலிருந்து கிளம்பும் நோய், உலகின் பெரும்பகுதி மக்களை அழித்துவிடுகிறது. மிஞ்சியவர்களுக்கு விளக்கும் உணவும் கருவியும் எப்படி உண்டாகின்றன என்றே தெரியாது.

முதல் பருவத்தின் 13 எபிசோடுகளில் 7 எபிசோடுகளை நேஷன் எழுதினார். தகராறு திசையைப் பற்றியது. நேஷனுக்கு வேண்டியது தேடலும் பயணமும்: மகனைத் தேடி அலையும் ஆபி கிரான்ட்தான் அவருடைய கதை. தயாரிப்பாளர் டெரன்ஸ் டட்லிக்கு வேண்டியது ஓரிடத்தில் தங்கி உழுது பயிரிட்டுப் பிழைக்கும் சமூகம். ஆபியாக நடித்த கேரொலின் சீமோரும் முதல் பருவத்தோடு போனார். தொடர் மொத்தம் 38 எபிசோடு ஓடியது. நேஷன் தன் வடிவத்தை 1976இல் நாவலாக எழுதினார். 2008இல் பிபிசி எடுத்த புதிய தொடர் அந்த நாவலைத்தான் மூலமாகக் குறிப்பிட்டது.

இதில் நாங்கள் நேஷன் பக்கம் முழுதாகச் சாய மாட்டோம். எப்படி மறுபடி எல்லாவற்றையும் செய்யக் கற்பது என்ற கேள்வியை முதல் எபிசோடில் எழுப்பியவரே அவர்தான். அதற்குப் பதில் தேட முயன்றது டட்லி.

கேள்வி: 'பிளேக்ஸ் செவன்' முழுவதும் அவர் எழுதியதா?

52 எபிசோடுகளில் 19. முதல் பருவத்தின் 13ஐயும் அவரே எழுதினார். 50 நிமிட எபிசோடுகள் 13ஐ ஒருவரே எழுதுவது கொடூரமான வேலை. பாதி தாண்டியதும் வரும் வரைவுகள் மெலிந்தன. ஸ்கிரிப்ட் எடிட்டர் கிறிஸ் பௌச்சர் காட்சிகளைக் கூட்டி நேரத்தை நிரப்பினார். கலகக்காரர்களில் ஒருவரான ஏவான் பாத்திரத்தின் கூர்மையான பேச்சில் பெரும்பகுதியை இந்தக் கூட்டுவேலையில் தேட வேண்டும். தயாரிப்பாளர் 'ஜெனிசிஸ்' இயக்கிய அதே மலோனி.

மூன்றாம் பருவத்தின் கடைசி எபிசோடான 'டெர்மினல்' தொடருக்கே முற்றுப்புள்ளி என்றுதான் நினைத்தார்கள். நேஷன் அதில் கலகக்காரர்களின் லிபரேட்டர் கப்பலையே அழித்துவிட்டார். 1980 மார்ச் 31 அன்று அது ஒளிபரப்பானபோது, பெயர்ப் பட்டியல் ஓடும் நேரத்தில், தொடர் மீண்டும் வரும் என்று அறிவிப்பாளர் சொன்னார். குழுவில் பலருக்கே அதுதான் முதல் செய்தி. நேஷன் அந்த ஆண்டே அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டார். நான்காம் பருவம் அவரும் இல்லாமல், கப்பலும் இல்லாமல் நடந்தது.

கேள்வி: அமெரிக்காவில் என்ன செய்தார்?

'மெக்கைவர்' உள்ளிட்ட தொடர்களில் எழுத்தும் தயாரிப்பும். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் தன் பெயரை நிறுத்தும் புதிய உலகம் ஒன்றை அங்கே அவரால் உண்டாக்க முடியவில்லை.

கேள்வி: 1965–66இல் வந்த 12 எபிசோடு டாலெக் கதையை ஏன் முழுதாகப் பார்க்க முடியவில்லை?

'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' கதையைச் சொல்கிறீர்கள். அதை நேஷனும் டென்னிஸ் ஸ்பூனரும் பங்கிட்டு எழுதினார்கள். அன்று வீடியோ டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். பழைய 'டாக்டர் ஹூ' எபிசோடுகள் பல மிஞ்சியது வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மிமீ ஃபிலிம் பிரதிகளால்தான். இந்தக் கதை எந்த நாட்டுக்கும் விற்கவில்லை, அதனால் பிரதிகளும் பரவவில்லை. ரசிகர்கள் வீட்டில் டிவியிலிருந்து பதிவு செய்த ஒலி மட்டும் முழுதாக இருக்கிறது.

கேள்வி: அவரை எழுத்தாளராகப் படிக்க விரும்புகிறேன். எதில் தொடங்கி எப்படிப் பார்ப்பது?

முதல் டாலெக் கதையில் தொடங்குங்கள். கறுப்பு வெள்ளையில் இருக்கும் ஏழு எபிசோடு வடிவத்தையே பாருங்கள். 2023இல் வண்ணமேற்றி 75 நிமிடமாகச் சுருக்கிய பதிப்பு கண்ணுக்கு இதம்தான், ஆனால் 'தொடரும்' இடங்கள் அதில் கரைந்துவிட்டன. நீங்கள் படிக்க வேண்டியதே அவற்றைத்தான். முதல் நான்கை ஒரே மூச்சில், மீதி மூன்றை மறுநாள்.

அடுத்து 'ஜெனிசிஸ்', நாளுக்கு இரண்டு எபிசோடு. டாவ்ரோஸ் பேசும் காட்சிகளைக் குறித்துவைத்து, அவை இல்லாவிட்டால் அந்தச் செய்தியை டாலெக் எப்படிச் சொல்லியிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். பிறகு 'சர்வைவர்ஸ்' முதல் மூன்று, மூன்றும் நேஷன் எழுதியவை. 'பிளேக்ஸ் செவன்' தொடரில் 'தி வே பேக்', 'ஸ்பேஸ் ஃபால்', 'சிக்னஸ் ஆல்ஃபா' மூன்றும் சேர்ந்து ஒரே தொடக்கம். பிரித்துப் பார்த்தால் கப்பல் கிடைக்கும்வரை பொறுமை போய்விடும். 'டெர்மினல்' பார்க்குமுன் மூன்றாம் பருவத்தின் முதல் இரண்டான 'ஆஃப்டர்மாத்', 'பவர்பிளே' ஆகியவற்றையும் பாருங்கள். அந்தப் பருவத்தில் அவர் எழுதியவை இந்த மூன்று மட்டுமே.